மிச்சமான மின்சாரம் எங்கே?

பிரஷர் அக்கா மீது சுமத்தப்பட்ட முதல் குற்றம், அவர் மின்சாரத்தை மிச்சப்படுத்தினார் என்பது. இரண்டாவது, அதை முன் அனுமதி பெறாமல் செய்தார் என்பது. மூன்றாவதுதான் கொஞ்சம் கடுமையானது. மிச்சப்படுத்திய மின்சாரத்தை அவரால் விசாரணைக் குழுவின் முன் ஆஜர்படுத்த முடியவில்லை.

அக்காவுக்கு ரத்த அழுத்தமெல்லாம் கிடையாது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் இருபத்தொரு வருடமாக உயர் அழுத்தப் பம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அந்தப் பெயர். மேலாளர் முதல் கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவர் பிரஷர் அக்காதான்.

நிலையத்தின் வேலை சிக்கலானதல்ல. கடல்நீரைப் பம்பு வைத்து அசுர அழுத்தத்தில் சவ்வுக்குழல்களுக்குள் தள்ளினால், நல்ல தண்ணீர் மறுபக்கம் கசிந்து வரும். உப்பு இந்தப் பக்கமே நின்றுவிடும். பத்துக் குடம் உள்ளே போனால் நான்கு குடம் நல்ல தண்ணீர். மீதி ஆறு குடம் இன்னும் உப்பேறி வெளியே போகும். போகும்போது, பம்பு அரும்பாடுபட்டுக் கொடுத்த அழுத்தத்தில் பெரும்பகுதியையும் கூடவே எடுத்துக்கொண்டு போகும். நிலையம் அந்த அழுத்தத்தை ஒரு வால்வில் நெரித்துச் சத்தமாக மாற்றிவிட்டு, நீரைக் கடலில் விட்டது. அந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்று நின்றே அக்காவுக்கு வலது காது மந்தமாகிவிட்டது.

“அது தண்ணி சத்தம் இல்ல. கரன்ட் கடலுக்குப் போற சத்தம்” என்பார் புதிதாக வருபவர்களிடம்.

இப்படிப் போகும் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்பட நிலையத்தில் தனியாகவே ஒரு பிரிவு இருந்தது. சிக்கனப் பிரிவு என்று பெயர். இருபத்திரண்டு பேர். அவர்களுடைய கூடத்தின் ஜன்னல்களையெல்லாம் சிக்கனத்தை வலியுறுத்தும் வரைபடங்கள் மறைத்திருந்ததால் பகல் முழுவதும் விளக்கு எரிந்தது. குளிர்சாதனம் அதிகமாக இருந்ததால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, குளிர்சாதனத்தைக் குறைக்கும்படி மற்ற பிரிவுகளுக்குக் கடிதம் எழுதினார்கள். திங்கள்கிழமைதோறும் எல்லோரும் அந்தக் கூடத்தில் கூடி, ஒரு நிமிடம் விளக்கை அணைத்துச் சிக்கன உறுதிமொழி எடுக்க வேண்டும். இருட்டில் உறுதிமொழியைப் படிக்க முடியவில்லை என்று புகார் வந்ததால் ஆளுக்கொரு டார்ச் வழங்கப்பட்டது.

பிரிவின் பெருமை, கூடத்தின் நடுவில் இருந்த ஒரு மரப்பெட்டி. அதற்குள் இருந்தது அழுத்த மீட்புக் கருவி. வெளியே போகும் உப்புநீரின் அழுத்தத்தைப் பிடித்து, உள்ளே வரும் கடல்நீரிடம் ஒப்படைக்கும் வேலையை அது செய்யும். பம்புக்குப் பாதிச் சுமை இறங்கும். வந்து ஒன்பது வருடமாகிறது. அதைப் பொருத்துவதற்கான குழாய்வாய்கள்கூடப் பம்புக்கூடத்தில் அப்போதே அமைக்கப்பட்டு, தட்டு வைத்து மூடப்பட்டிருந்தன. ஆனால் கருவி ஆய்வில் இருந்தது. ஆய்வு என்றால், வாரம் ஒருமுறை பிரிவினர் பெட்டியைச் சுற்றி நின்று, அது பெட்டிக்குள் இருக்கிறதா என்று உறுதி செய்து கையெழுத்திடுவது. ‘ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருந்ததால் அதற்குத் தனிக் குளிர்சாதனம். யாரும் தொட்டுவிடாமல் இருக்க இருபத்துநான்கு மணி நேரமும் ஒளிவீசும் பெரிய விளக்கு. இவற்றுக்கான மின்செலவு ஆண்டறிக்கையில் ‘சேமிப்பு தொடர்பான பயன்பாடு’ என்ற தலைப்பில் வரும்.

பிரிவின் தலைவரை எல்லோரும் ‘சிக்கனம் சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அக்காவுக்கு மட்டும் அவர் தம்பி. இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் பதவி உயர்வுத் தேர்வுக்குப் படித்த நான்கு மாதமும் அவருடைய ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர் அக்கா. இன்றும் மதியச் சாப்பாட்டுக்கு அவர் டப்பா கொண்டுவருவதில்லை. அக்காவின் டப்பாவில் இருவருக்கும் இருக்கும்.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, பராமரிப்புக்காக முதல் பம்பு வரிசையை நாலு நாள் நிறுத்துறாங்க இல்ல? அப்ப மாட்டிடுங்க.”

“எதை?”

“பெட்டிக்குள்ள இருக்கிறதை.”

அக்காவின் கை பாதி வழியில் நின்றது. “தம்பி, விளையாடாதே. அனுமதி?”

“நான்தானேக்கா அனுமதி குடுக்கிற ஆள்? எழுத்துல கேட்டா ஏழு கமிட்டி போகும். நீங்க மாட்டி ஓட விடுங்க. நம்பர் வந்ததும் நான் எழுத்துல கொண்டுவந்துக்கிறேன். இந்த வருஷ அறிக்கையில காட்ட எனக்கும் ஏதாவது வேணும். எதுன்னாலும் நான் இருக்கேன்ல?”

அக்கா உடனே சரி சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில் தங்கை வீட்டுக்குப் போனார். தங்கை ஊரின் கடைசித் தெருவில் இருந்தாள். இரண்டு விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு துவைத்துக் கொடுப்பது அவள் தொழில். நிலையத்துக்குக் கிடைக்கும் மின்சார ஒதுக்கீட்டில் மூன்று பம்பு வரிசைகளில் இரண்டைத்தான் ஓட்ட முடியும். அந்தத் தண்ணீர் கடைசித் தெருவுக்கு முந்தின தெருவோடு தீர்ந்துவிடும். தங்கை நான்கு தெரு தள்ளியிருக்கும் பொதுக்குழாய்க்குப் போய் டிரம்மில் பிடித்து, தள்ளுவண்டியில் கொண்டுவருவாள். அன்றும் வண்டியிலிருந்து டிரம்மை இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள்.

“தண்ணி செய்யிற இடத்துலயே வேலை பாக்குறே. உன் தங்கச்சி வீட்டுக்கு ஒரு குடம் வர வழியில்ல” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

பராமரிப்புக்கு முந்தின இரவு, கூடத்தில் பிரிவினர் யாரும் இல்லாதபோது பெட்டி திறக்கப்பட்டது. சிக்கனம் சாரே காவலாளியை டீ குடிக்க அனுப்பினார். அக்காவும் ஃபிட்டரும் நான்கு நாள் வியர்வை வடியக் குழாய்களை இணைத்தார்கள். காலிப் பெட்டியை ஆணியடித்துப் பழைய இடத்திலேயே வைத்தார்கள். பிரிவினர் அந்த வாரமும் அதைச் சுற்றி நின்று, உள்ளே இருக்கிறது என்று கையெழுத்திட்டார்கள்.

ஐந்தாம் நாள் பம்பை ஓட விட்டபோது வால்வில் சத்தம் இல்லை. அக்காவுக்கு இரண்டு காதும் போய்விட்டதோ என்று பயமாகிவிட்டது. ஃபிட்டர் கையைப் பிடித்து மீட்டரைக் காட்டினார். முதல் வரிசையின் மின்செலவு பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. தண்ணீர் ஒரு சொட்டும் குறையவில்லை.

நிலையத்தில் யாரும் மகிழவில்லை. ஏனென்றால் மீட்டர் கெட்டுவிட்டது என்று எல்லோருக்கும் தோன்றியது. மீட்டரை மாற்றினார்கள். புது மீட்டரும் அதையே காட்டியது. அதையும் மாற்றினார்கள். மூன்றாவது மீட்டரும் அதே எண்ணைக் காட்டியபோது, மீட்டர் பிரிவு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது: ‘மீட்டர்கள் ஒன்றையொன்று பார்த்துப் பழகிவிட்டதாகச் சந்தேகிக்கப்படுகிறது. இனிமேல் உதிரி மீட்டர்களைத் தனித்தனி அறைகளில் வைக்கவும்.’

ஒரு வாரம் போனதும் சிக்கனம் சார் பம்புக்கூடத்துக்கு வந்தார். எண்களைக் குறித்துக்கொண்டார். முகம் மலர்ந்திருந்தது.

“அக்கா, மிச்சமாகிற கரன்ட்ல மூணாவது வரிசையை அரை நாள் ஓட்டலாமே?”

“ஓட்டலாம். சொல்றது யாரு?”

“நான்தான்.”

“எழுதிக் குடு தம்பி.”

“என் மேல நம்பிக்கை இல்லையாக்கா?”

அந்தக் கேள்விக்குப் பிறகு எழுதிக் கேட்பது அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. மூன்றாவது வரிசை ஓடியது. அன்று சாயங்காலம் தங்கை போன் செய்தாள். பேசவில்லை. போனைக் குழாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அக்கா இடது காதில் வைத்துக்கொண்டு வாளி நிறையும்வரை கேட்டார்.

பன்னிரண்டு நாள் கடைசித் தெருவுக்குத் தண்ணீர் வந்தது. தங்கை இன்னொரு விடுதியின் துணியையும் ஒப்புக்கொண்டாள்.

பதின்மூன்றாம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து சிக்கனம் சாருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அனுப்பிய எண்களைப் பார்த்து மிகவும் மகிழ்ந்ததாக எழுதியிருந்தார்கள். சிக்கனப் பிரிவு எந்த நோக்கத்துக்காக உருவாக்கப்பட்டதோ அந்த நோக்கம் நிறைவேறிவிட்டபடியால், வரும் மாதக் கடைசியில் பிரிவைக் கலைத்து, இருபத்திரண்டு பேரையும் பம்புக்கூடத்துக்கு மாற்றலாம் என்று உத்தேசித்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள்.

அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை. அக்கா டப்பாவை மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்று மணிக்கு ஆள் வந்தது. சிக்கனம் சார் இல்லை; காவலாளி. கையில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. கீழே கையெழுத்து, சிக்கனம் சாருடையது.

சாயங்காலத்துக்குள் கருவி கழற்றப்பட்டது. வால்வு பழையபடி கத்தத் தொடங்கியது.

அக்காவுக்கு அப்போதும் சந்தேகம் வரவில்லை. தம்பி ஏதோ கணக்குப் போட்டுச் செய்கிறான், நம்மைக் காப்பாற்றத்தான் முதலில் தாக்குவதுபோல் தாக்குகிறான் என்று நினைத்துக்கொண்டார். விசாரணை அறைக்குள் நுழைந்து, குழுவின் தொழில்நுட்ப உறுப்பினர் நாற்காலியில் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தபோது நிம்மதியாகக்கூட இருந்தது.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ஓர் அதிகாரி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

“நீங்க மிச்சப்படுத்தின மின்சாரம் எங்கம்மா?”

“சார், அது செலவாகலை. அவ்வளவுதான்.”

“அதைத்தான் கேக்குறேன். செலவாகாதது இப்ப எங்க இருக்கு?”

“எங்கயும் இல்ல சார்.”

“எழுதிக்குங்க. இருப்பில் இல்லைன்னு ஒத்துக்கிட்டாங்க.”

“கொஞ்சத்தை மூணாவது வரிசைக்குக் குடுத்தோம் சார். அதுல தண்ணி வந்துச்சு.”

“மிச்சமானதைச் செலவு செஞ்சிருக்கீங்க. அப்ப அது மிச்சமே இல்லையே. எழுதிக்குங்க. இருந்த மிச்சத்தையும் அழிச்சிட்டாங்க.”

அடுத்து ஃபிட்டர் அழைக்கப்பட்டார். அந்த நான்கு நாளும் தனக்குக் காய்ச்சல் என்று மருத்துவச் சான்றிதழோடு வந்திருந்தார். அக்காவின் பக்கம் திரும்பாமலே வந்து, திரும்பாமலே போனார்.

பிறகு மேலாளர் பேசினார். அவர் பேச்சை விசாரணைக் குறிப்பில் முழுவதுமாகச் சேர்த்திருக்கிறார்கள்.

“சிக்கனம்ங்கிறது நமக்கு ஒரு லட்சியம். லட்சியம்னா என்ன? நாம அதை நோக்கிப் போயிட்டே இருக்கணும். போய்ச் சேர்ந்துட்டா அப்புறம் லட்சியத்துக்கு என்ன மரியாதை? பதினாலு வருஷமா இருபத்திரண்டு பேர் ராப்பகலா இதை நோக்கி நடந்துட்டிருக்காங்க. இந்தம்மா ஒரு ஸ்பேனரை எடுத்துட்டு நாலே நாள்ல போய்ச் சேர்ந்துட்டாங்க. மத்தவங்க மனசு என்ன பாடு படும்? அதுவும் போகட்டும். இந்த வருஷம் கரன்ட் குறைஞ்சா, அடுத்த வருஷம் ஒதுக்கீட்டைக் குறைப்பான். ஒதுக்கீடு குறைஞ்சா நாம எதைச் சிக்கனம் பண்றது? சிக்கனம் பண்றதுக்கே செலவு வேணும் சார்!”

குழுவினர் மேசையைத் தட்டினார்கள்.

கடைசியாகத் தொழில்நுட்ப உறுப்பினர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கோப்பைப் பார்த்தபடியே கேட்டார்.

“கருவியைப் பொருத்தச் சொல்லி உங்களுக்கு அனுமதி குடுத்தது யாரு?”

அக்கா அவரையே பார்த்தார். காது மந்தம் என்பதால் தவறாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்து, “என்ன கேட்டீங்க?” என்றார்.

“யாரு அனுமதி குடுத்தாங்கன்னு கேட்டேன். எழுத்துல ஏதாவது இருக்கா?”

“தம்பி...”

“விசாரணையில உறவு சொல்லிக் கூப்பிடக் கூடாதும்மா” என்றார் தலைவர்.

“எழுத்துல இல்ல” என்றார் அக்கா. “வாயாலதான் சொன்னாங்க. ‘என் மேல நம்பிக்கை இல்லையா’ன்னு கேட்டாங்க.”

“யாரு?”

சிக்கனம் சார் இப்போது நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் கெஞ்சலும் இல்லை, பயமும் இல்லை. உண்மையாகவே பதிலுக்குக் காத்திருப்பவரைப்போல் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

அக்கா அந்தப் பேனாவையே பார்த்தார். மௌனம் ஒப்புதலாகப் பதியப்பட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூட அவர் தாங்கியிருப்பார். தலைவர் கோப்பிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். கடைசித் தெருவாசிகள் கொடுத்த புகார் மனு. ‘பன்னிரண்டு நாட்களாக எங்கள் தெருவுக்கு முன்னறிவிப்பின்றித் தண்ணீர் வந்ததால் பழக்கவழக்கங்கள் பாதிக்கப்பட்டு மிகுந்த மனவுளைச்சலுக்கு ஆளானோம். இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம்.’ கீழே நாற்பது கையெழுத்து. ஏழாவது, தங்கையுடையது. அந்தக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே அக்காதான்.

நேராகத் தங்கை வீட்டுக்குப் போனார். வாசலில் டிரம்கள் வரிசையாகக் காத்திருந்தன.

“ஏன்டி போட்டே?”

தங்கை மறைக்கவில்லை. “மனுவுல கையெழுத்துப் போட்டாத்தான் வாரம் ரெண்டு தடவை லாரியில தண்ணி அனுப்புவோம்னாங்க. உன் சிக்கனம் சார்தான் வந்து வீடு வீடாச் சொன்னார். நான் என்னக்கா பண்றது? நீ குடுத்த தண்ணி நின்னுபோச்சு. லாரி வரும்னு சொல்றாங்க. மூணு விடுதித் துணி குமிஞ்சு கிடக்கு.”

“என்னை ஒரு வார்த்தை கேட்டியா?”

“கேட்டா நீ வேணாம்னு சொல்லுவே.”

அக்கா பஸ்ஸுக்குக்கூட நிற்காமல் வீடுவரை நடந்தே போனார்.

தீர்ப்பு இரக்கமுள்ளதாக இருந்தது. இருபத்தொரு வருட சேவையைக் கருதி அவரை வேலையிலிருந்து நீக்கவில்லை. சிக்கனப் பிரிவுக்கே மாற்றினார்கள். திங்கள்கிழமை காலையில் உறுதிமொழிக்காக விளக்கை அணைத்து, ஒரு நிமிடம் கழித்துப் போடுவது அவர் பொறுப்பு. மற்ற ஐந்து நாளும் சுவிட்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வேறு யாரும் அணைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கருவி பெட்டிக்குத் திரும்பியது. பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் பிரிவைக் கலைக்க முடியவில்லை. அங்கீகாரமற்ற சேமிப்பைக் கண்டறிந்து தடுத்ததற்காகச் சிக்கனம் சாருக்குக் கேடயம் கிடைத்தது. பிரிவில் இன்னும் ஒன்பது பேர் சேர்ந்தார்கள். கூடத்தில் எதிரெதிரே பார்க்கும்போது அவர் அக்காவைப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை, உறவு சொல்லியும் கூப்பிடவில்லை. “லைட்டு” என்பார். அக்கா போடுவார்.

கடைசித் தெருவுக்கு லாரி இரண்டு வாரம் வந்தது. மூன்றாவது வாரம், கேடய விழா மைதானத்தில் தூசி பறக்காமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கப் போனது. அதன்பிறகு வரவில்லை. தங்கை மூன்றாவது விடுதியைக் கைவிட்டாள்; பிறகு இரண்டாவதையும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தள்ளுவண்டியோடு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றாள். “ரெண்டு டிரம் பிடிச்சுக்கவா?” என்று தரையைப் பார்த்துக் கேட்டாள். அக்கா கதவைத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார். அதன்பிறகு ஞாயிறுதோறும் வந்தாள். இருவரும் தண்ணீரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டார்கள்.

அப்படியொரு ஞாயிறன்று சிக்கனம் சார் வந்தார். தங்கை கொல்லைக் குழாயில் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தானாகவே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“எப்படி இருக்கீங்கக்கா?”

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்த ‘அக்கா’.

விஷயம் இதுதான். வெளியிலிருந்து தணிக்கைக் குழு வருகிறது. முதல் வரிசையின் மின்செலவு வரைபடத்தில் பத்தொன்பது நாள் மட்டும் பள்ளம் விழுந்திருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விளக்கம் கேட்கிறார்கள். கருவி ஓடியது தெரிந்தால், ஒன்பது வருடமாக அது ஏன் பெட்டிக்குள் கிடந்தது என்றும் கேட்பார்கள்.

“அந்தக் கருவி ஓடுச்சான்னு உங்ககிட்ட கேப்பாங்கக்கா” என்றார்.

அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். “அது எங்க ஓடுச்சு? பெட்டிக்குள்ளதானே இருந்துச்சு. வாரா வாரம் நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே சார்” என்றார். ஒவ்வொரு சொல்லையும் கடித்துத்தான் சொன்னார்.

சிக்கனம் சார் முகத்தில் வெளிச்சம் பரவியது. “இதுதான்க்கா! இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். நீங்க புரிஞ்சுக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்.” பையிலிருந்து வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார். “அதையே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.”

அக்கா தாளை வாங்கினார். எழுதினார். ஒரு வரி இல்லை, பக்கம் நிறைய. பெட்டியைத் திறக்கச் சொன்னது யார், என்ன சொல்லிச் சொன்னார், எத்தனை நாள் ஓடியது, ஒவ்வொரு நாளும் மீட்டர் என்ன காட்டியது, கடைசித் தெருவுக்கு எத்தனை நாள் தண்ணீர் போனது, மனுவில் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது. ஒன்றையும் விடவில்லை. அவர் எழுதி முடிக்கும்வரை சிக்கனம் சார் போனில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போட்டாச்சா?”

“போட்டேன்.”

“தேதி?”

“போட்டேன்.”

தாளை நான்காக மடித்துக் கோப்புக்குள் வைத்தார். “உங்களை மறக்க மாட்டேன்க்கா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

தங்கை ஈரக் கையோடு உள்ளே வந்தாள். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

“என்னக்கா எழுதினே?”

“நடந்ததை.”

“ஐயோ! படிச்சா வேலை போயிடுமே!”

“போகட்டும்.”

“அந்தாளு வேலையும் போயிடும்.”

“அதுவும் போகட்டும்.”

தங்கை ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, “என்னைப் பத்தியும் எழுதினியா?” என்று கேட்டாள்.

“எழுதினேன். லாரி தரேன்னு சொல்லி வாங்கினாங்கன்னு எழுதினேன்.”

தங்கை டிரம்மை ஏற்றும்போது அக்கா மறுபக்கம் பிடித்துக்கொடுத்தார். ஏழு மாதத்தில் அது முதல் தடவை.

அடுத்த மூன்று வாரமும் அக்கா வேலை போய்விடும் என்ற நம்பிக்கையோடு இருந்தார். காலையில் சீக்கிரமே எழுந்துகொண்டார். கூடத்தில் கதவு திறக்கும்போதெல்லாம் காவலாளி வருகிறாரா என்று பார்த்தார். தணிக்கைக் குழு வந்தது. இரண்டு நாள் இருந்தது. கோப்பை வாங்கிக்கொண்டது. போனது. அக்காவை யாரும் கூப்பிடவில்லை. கூடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று மட்டும் குறிப்பு எழுதிவிட்டுப் போனார்கள்.

நான்காவது வாரம், ஞாயிற்றுக்கிழமை, கூரியரில் ஓர் உறை வந்தது. தங்கைதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிரித்தார்.

‘மின்செலவு வேறுபாடு தொடர்பாகத் தாங்களாகவே முன்வந்து எழுத்துமூலம் அளித்த விளக்கம் கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. அது நிலையத்தின் நிலைப்பாட்டை முழுமையாக உறுதிசெய்வதாகக் குழு காண்கிறது. தங்கள் ஒத்துழைப்பைப் பாராட்டி இச்சான்றிதழ் வழங்கப்படுகிறது.’

உள்ளே சான்றிதழ் இருந்தது. வழவழப்பான கெட்டித்தாள், ஓரத்தில் தங்க நிறக் கரை. கீழே மூன்று கையெழுத்து, மூன்று தேதி.

அக்கா அதை இரண்டு முறை படித்தார். அவர் எழுதியதை ஒருவரும் ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை. விசாரணை அறையில் அழாதவர், தங்கை வாசலில் அழாதவர், சுவிட்சுக்குப் பக்கத்தில் ஏழு மாதம் உட்கார்ந்து அழாதவர், வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவின் கையிலிருந்த சான்றிதழை மெதுவாக உருவிக்கொண்டாள். கொல்லையில் டிரம் நிறைந்து வழியத் தொடங்கியிருந்தது. இருவரும் எழுந்து போகவில்லை.